வெள்ளை மாளிகை விருந்து அறை பாணியில் கிறிஸ்துமஸ் அலங்காரம்: ஆணி அடிக்காமல் தோரணம் நிற்குமா?

கேள்வி
மரப்பலகைச் சுவரும் எண்ணெய் ஓவியமும் உள்ள ஒரு பழைய அரசு இல்லத்தின் விருந்து அறை. வெள்ளை மாளிகையின் ஸ்டேட் டைனிங் ரூம்தான் எங்களுக்கு மாதிரி. ஆணிக்கும் பசைக்கும் அனுமதி இல்லை. கணப்பு (குளிர்காயும் சுவர் அடுப்பு) மேடையில் பைன் தோரணத்தை எப்படி நிறுத்துவது? ஜிஞ்சர்பிரெட் வீடு (இஞ்சி ரொட்டியில் கட்டும் அலங்கார வீடு) மூன்று வாரம் தாங்குமா?

பதில் 1
ஸ்டேட் டைனிங் ரூமில் கணப்புக்கு மேலே இருப்பது ஓவியர் ஹீலி 1869இல் வரைந்த அதிபர் லிங்கன் ஓவியம். மேடையின் முகப்பில் இரண்டாம் அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸின் வேண்டுதல் வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தோரணம் மேலே ஏறினாலும் கீழே வழிந்தாலும் இவற்றில் ஒன்று மறைந்துவிடும். அதனால் தட்டையாகப் படுக்க வைப்பதே நல்லது.

மேடையைவிட 3 செ.மீ. அகலம் குறைந்த 12 மி.மீ. பிளைவுட் பலகையை வெட்டி, அடியில் ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். தோரணத்தைக் கட்டும் கொக்கிகளைப் பலகையில் மட்டும் 10 மி.மீ. திருகால் பொருத்துங்கள், நீளமான திருகு அடியில் துருத்திக் கல்லைக் கீறும். முன்விளிம்பில் இருக்கும் எடையைப் போல இரண்டு மடங்கு மணல் மூட்டையைப் பின்விளிம்பில் வைத்தால் பலகை கவிழாது.

பதில் 2
கிளைகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, சொட்டு நின்ற பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். ஓவியச் சட்டத்துக்கும் இலைக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். அங்கே ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஊசியிலை வளையாமல் ஒடிந்தால் உடனே மாற்றுங்கள், காய்ந்த பைன் சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு எல்ஈடி மட்டும். தோரணம் இருக்கும்வரை கணப்பில் நெருப்பு கிடையாது, விருந்தாளி எவ்வளவு கேட்டாலும் சரி! சிவப்புப் பழக் கொத்துகளையும் தவிருங்கள். நசுங்கினால் சலவைக்கல்லில் கறை படியும்.

பதில் 3
ஜிஞ்சர்பிரெட் வீடு மூன்று வாரம் தாங்கும், ஆனால் சாப்பிடுவதற்கு அல்ல. மாவில் சமையல் சோடா போடாதீர்கள், உப்பினால் ஓரங்கள் பொருந்தாது. 6 மி.மீ. தடிமனில் சுட்டு, சூடு ஆறுமுன் ஓரங்களை வெட்டிச் சீராக்கி, ஒரு நாள் உலரவிடுங்கள். ஒட்டுவதற்கு 3 முட்டை வெள்ளைக்கரு, 500 கிராம் ஐசிங் சர்க்கரை. சுவர்களை ஒட்டிய அன்றே கூரையை ஏற்றினால் நிச்சயம் சரியும். ஓர் இரவு பொறுங்கள். அரை மீட்டருக்கு மேல் உயரமென்றால் உள்ளே பிளைவுட் சட்டம் அவசியம். அறையில் ஈரப்பதம் ஏறினால் ரொட்டி நமத்துப்போய்ச் சுவர் வளையும், முதலில் இறங்குவது கூரைதான்.

பதில் 4
பதில் 2 சொல்லும் பராமரிப்புக்கு ஆள் இல்லையென்றால், ஓவியத்துக்குக் கீழே தீத்தடுப்புச் செயற்கைத் தோரணம் போதும். நிஜக் கிளைகளை மேசைக்கு வையுங்கள், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். எதிரில் இருப்பவர் முகம் தெரிய வேண்டுமே.