களிமண் தரையில செயற்கைப் புல்லு, தண்ணி வடிய வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணா, அக்கா. கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல்ல தெரஸ் வீடு, பின்னாடி இருக்கற எடத்துல அம்மா நடக்க, பிள்ளைங்க விளையாட செயற்கைப் புல்லு போடப் போறோம். ஆனா மண்ணு முழுக்க களி, சாயங்காலம் மழை கொட்டுச்சுன்னா மறுநாள் மத்தியானம் வரைக்கும் செவத்தோரம் தண்ணி நிக்குது, ஒரு அடிக்கு குழி தோண்டி தண்ணி ஊத்தி வச்சேன், காலையில பாத்தா பாதிகூட எறங்கல, குழியோட ஓரமெல்லாம் சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கு.

காண்ட்ரேக்டர் ஒருத்தர் மணலக் கொட்டி மேல புல்ல விரிச்சிட்டாப் போதும்ங்கறார். எனக்கு மனசு ஒப்பல. புல்லுல ஓட்டை இருந்தாலும் கீழ களி தண்ணிய விடாதே, மணலு ஊறி அங்கங்க அமுங்கிடும், நாத்தமும் வரும்.

அதனால 4 இஞ்சி மண்ண எடுத்துட்டு, லொங்காங் (மழைத்தண்ணி ஓடற வடிகால்) பக்கமா மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு வச்சு, செவத்தோரம் பள்ளம் வெட்டி ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணத் தடுத்து தண்ணிய மட்டும் விடறது), ஜல்லி, ஓட்டை போட்ட 4 இஞ்சி பைப்பு போட்டு, மேல கிரஷர் ரன் (ஜல்லியும் கல்லுத்தூளும் கலந்தது) கொட்டி கம்பேக்ட் பண்ணலாம்னு நெனைக்கறேன்.

பெரிய மழையில லொங்காங் நெறஞ்சா பைப்பு வழியா தண்ணி திரும்பி உள்ள வராம என்ன பண்ணுவீங்க? செவத்து அஸ்திவாரத்துலேர்ந்து எவ்வளவு தள்ளி பள்ளம் வெட்டணும்? களிமண்ணுல செஞ்சு பழகின ஆளு கேஎல் பக்கம் இருந்தா ப்ளீஸ் பிஎம் பண்ணுங்க.