பெயரில் எழுத்துகளும் எண்ணும் மட்டும் உள்ள பரம்பரையலகு: எங்கே தொடங்குவது?

வந்தாறுமூலை மாணவி:
எனது ஆய்வுக்கு வாய்த்த மனிதப் பரம்பரையலகுக்கு ரி.எம்.ஈ.எம் (மென்சவ்வைக் கடக்கும் புரதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகளும் ஓர் எண்ணுமே பெயர். அதன் புரதம் கலமென்சவ்வில் ஆற்றும் தொழிலை எவ்வாறு தேடுவது?

கல்முனை ஆசிரியர்:
தங்கச்சி, முதலில் அமினோ அமிலத் தொடரை யூனிப்ரொட் என்ற புரதத் தரவுத்தளத்தில் எடுத்து, நீர்வெறுப்புள்ள ஏறத்தாழ 20 அமிலங்கள் தொடர்ந்து வரும் பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்; மென்சவ்வின் கொழுப்புப் படையைக் கடக்கும் சுருளுக்கு அந்த நீளம் போதும்.

மாணவி:
நன்றி சேர். ஆறு சுருள்கள் தெரிகின்றன. புரதத் தொடரின் இரு முனைகளும் மென்சவ்வின் எப்பக்கம் இருக்கும்?

ஆசிரியர்:
ஆறு எனில் இரு முனைகளும் ஒரே பக்கந்தான். நேரேற்றமுள்ள லைசீன், ஆர்ஜினீன் என்ற அமினோ அமிலங்கள் மிகுந்த, சுருள்களுக்கு வெளியேயுள்ள பகுதிகள் பெரும்பாலும் கலத்தின் உள்ளே, குழியவுருப் பக்கமே நிற்கும் என்பதால், அவ்வமிலங்களை எண்ணிப் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி வாசகர்:
மனந்தளர வேண்டாம். 16ஏ என்ற எண்ணோடு கிடந்த இவ்வகைப் புரதமொன்றை, கல்சியத்தால் திறக்கும் குளோரைட்டுக் கால்வாய் என 2008 இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே நிறுவின.