ஜப்பானியர் கல்லறைப் பூங்காவுக்கு ஞாயிறு நடை: யார் வருகிறீர்கள்?

நடைப்பித்தன்:
போன வாரம் சிங்கப்பூர் சுவான் ஹோ அவென்யூவில் இருக்கும் ஜப்பானியர் கல்லறைப் பூங்காவுக்குப் போயிருந்தேன். சுற்றிலும் தரைவீடுகள், நடுவே இப்படி ஓர் இடம். காகிதப்பூக் கொடி வளைந்து மூடிய நடைபாதை, இரண்டு பக்கமும் பாசி பிடித்த கற்கள். மொத்தம் 910 கல்லறைகள். 1891இல் விபசார விடுதி நடத்திய ஒரு ஜப்பானியர் தன் நிலத்தைக் கொடுத்து ஆரம்பித்த இடம். 1973இல் அடக்கம் செய்வது நின்றது, 1987இல் பூங்காவாக்கினார்கள்.

ஒத்தோகிச்சி என்ற ஜப்பானிய மாலுமிக்கும் அங்கே நினைவிடம் உண்டு. 1832இல் புயலில் சிக்கிய சரக்குக் கப்பலில் 14 மாதம் மிதந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கியவர். அப்புறம் பைபிளின் ஒரு பகுதியை ஜப்பானிய மொழியில் பெயர்க்க உதவி, கடைசியில் சிங்கப்பூருக்கு வந்து 1867இல் இறந்தார். அடுத்த ஞாயிறு சேர்ந்து போகலாமா?

தோட்டத்துப்பேரன்:
காகிதப்பூவைச் சொன்னீர்கள், ஒத்தோகிச்சியைச் சொன்னீர்கள். தெராவுச்சியை ஏன் விட்டீர்கள்? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் தெற்குப் படைகளுக்கு மொத்தத் தளபதி அவர். 1946இல் போர்க் குற்ற விசாரணைக்கு முன்பே ஜொகூரில் இறந்துபோனார். அவருக்கும் அங்கே நினைவுக்கல் இருக்கிறது. தூக்கிலிடப்பட்ட போர்க் குற்றவாளிகள் 135 பேரின் சாம்பலும் அங்கேதான்.

சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போன மரண ரயில் பாதை அவருடைய படை போட்டது. 415 கிலோமீட்டர். என் தாத்தாவை ஜொகூர்த் தோட்டத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. நான் வரவில்லை.

சிராங்கூன்_செல்வி:
தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அங்கே கிடப்பவர்களில் பலர் சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. காராயுகி என்று சொல்லப்பட்ட பெண்கள். கியூஷு பக்கத்துக் கிராமங்களிலிருந்து விற்கப்பட்டு வந்த ஏழைப் பிள்ளைகள். இன்றைக்கு பூகிஸ் ஜங்ஷனில் குளிர்சாதனத்துக்குள் நடக்கிறோமே, அந்த மலாய் ஸ்ட்ரீட், ஹைலாம் ஸ்ட்ரீட், மலபார் ஸ்ட்ரீட்டில்தான் அவர்களை வைத்திருந்த விபசார விடுதிகள். 1920இல் ஜப்பானியத் தூதரகமே மூடச் சொல்லும்வரை நடந்தது.

சில கற்கள் என் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒன்றில் எழுத்தே தேய்ந்துவிட்டது, விரலால் தடவினால்தான் பள்ளம் தெரிகிறது. பக்கத்தில் யாரோ ஒரு பாக்கெட் பச்சைத் தேநீர் வைத்திருந்தார்கள், எறும்பு மொய்த்துக் கிடந்தது. இவர்களும் ஏமாற்றி ஏற்றிக்கொண்டு வரப்பட்டவர்கள்தானே?

தோட்டத்துப்பேரன்:
அக்கா, அந்தப் பெண்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எழுத்து தேய்ந்தாலும் அவர்களுக்கு ஒரு கல் இருக்கிறது, பாருங்கள். அந்த ரயில் பாதை போன தாய்லாந்துக் காஞ்சனபுரிக்கு நான் போயிருக்கிறேன். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாய் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல்லைச் சீராக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் செடி வைத்து. செத்த தமிழர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. என் தாத்தா பெயரை எங்கே தேடுவது? காட்டில் புதைத்தார்களா, காலராக் குழியில் போட்டு எரித்தார்களா என்பதுகூடத் தெரியாது.

ஜப்பான்காரன் காலத்தை நினைக்கவேண்டும் என்றால் பீச் ரோட்டுக்குப் போங்கள். 1967இல் எழுப்பிய பொதுமக்கள் போர் நினைவகம், நான்கு தூண்கள், தமிழிலும் எழுதியிருக்கிறது.

ஹவ்காங்_மணி:
அந்தத் தூண்களுக்கு அடியில் இருப்பது சிங்கப்பூரில் தோண்டி எடுத்த எலும்புகள், சயாமில் செத்தவர்களுடையது இல்லை. அங்கே போனாலும் உங்கள் தாத்தாவைப் பார்க்கமுடியாது.

நடைப்பித்தனுக்கும் ஒன்று: தெராவுச்சியை விட்டுவிட்டு வெறும் பூவும் புல்லுமாக எழுதியது தப்பு. கூட்டிப்போகிறவர் அந்தக் கல்லுக்கு முன்னாலும் நின்று யாரென்று சொல்லவேண்டும்.

நடைப்பித்தன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கல்லை நானும் பார்த்தேன், படமும் எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இந்த முறை அங்கே நிற்போம், ரயில் கதையையும் சொல்வோம். ஆனால் அந்த ஒரு கல்லுக்காக மற்றக் கல்லையெல்லாம் பார்க்காமல் விடமுடியாது.

தோட்டத்துப்பேரன்:
நீங்கள் போய்ச் சொல்லுங்கள், தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் திதி கிடையாது, செத்த நாள் தெரிந்தால்தானே. பாட்டி இருந்தவரை மகாளய அமாவாசைக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து வைப்பார். தாத்தா லாரி ஏறின அன்றைக்கு வீட்டில் அதுதானாம். இப்போது அம்மா வைக்கிறார்.

சிராங்கூன்_செல்வி:
அந்தக் கிழங்கை ஞாயிற்றுக்கிழமை அங்கே சொல்லலாமா, தம்பி? உங்கள் பெயர் வராது.

தோட்டத்துப்பேரன்:
சொல்லுங்கள் அக்கா. தாத்தா பெயரை மட்டும் அந்தக் கல்லுக்கு முன்னால் சொல்லவேண்டாம்.

நடைப்பித்தன்:
ஞாயிறு காலை 8.30, வாசலில். கொசு மருந்து மறக்காதீர்கள்.