இடைவெளிக்குப் பிறகு கணித ஆய்வுக்குத் திரும்பிய என் அனுபவம்

முனைவர் பட்டம் பெற்ற பிறகு குழந்தை வளர்ப்பு, மாமியாரின் நீண்ட நோய் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. மீண்டும் கணிதத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் முடிவெடுத்தபோது 40 வயதைக் கடந்திருந்தேன். அப்போது நடைமுறையில் இருந்த தேசிய முதுமுனைவர் நிதிநல்கைக்கு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான உதவித்தொகைக்கு, வயது வரம்பு 35. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு என்றாலும், அந்தக் கதவும் எனக்கு மூடியிருந்தது. மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை 2002-03இல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம் 27 முதல் 57 வயது வரை, நிரந்தரப் பணியில் இல்லாத பெண்களை ஏற்றுக்கொண்டதால்தான் எனக்கு வழி பிறந்தது. இயற்பியல், கணிதத்துக்கு அதில் தனிப் பிரிவே இருந்தது.

ஆய்வுத் திட்டத்தை எழுதுவதைவிட, இடம் தரும் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தைப் பெறுவதே கடினமாக இருந்தது. ஒரு கல்லூரியில், "இத்தனை வருஷம் கழிச்சு வந்து என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் என் பழைய கட்டுரைகளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கடிதம் வாங்கித் தந்தார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

தேர்வுக் குழு என்னை நடத்திய விதத்தை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நேராகக் கணிதத்துக்கு வந்துவிட்டார்கள். மிகச் சிறிய அளவுரு ஒன்று உயர்வரிசை வகைக்கெழுவைப் பெருக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளே என் ஆய்வுப் பொருள். அவற்றின் தீர்வு, எல்லையை ஒட்டிய மெல்லிய அடுக்குக்குள் செங்குத்தாக மாறிவிடும். "தீர்வைக் கணக்கிடும் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் என்ன குறை, சொல்லுங்கம்மா" என்று ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார். அளவுரு சிறுக்கச் சிறுக்க அந்த அடுக்குக்குள் ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம் என்றும், ஷிஷ்கின் வலை என்ற புள்ளி அமைப்பில் பாதிப் புள்ளிகளை அடுக்குக்குள்ளேயே வைத்துவிடுவதால் அந்தக் குறை நீங்குகிறது என்றும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அந்த உரையாடலில் என் வயது எங்குமே குறுக்கிடவில்லை. ஒரு கணிதவியலாளரிடம் கேட்க வேண்டியதையே என்னிடம் கேட்டார்கள்.

திட்டம் என் பெயரிலேயே, நானே முதன்மை ஆய்வாளராக, அனுமதிக்கப்பட்டது. வழிகாட்டி உடன் இருந்தாலும் எந்தக் கணக்கை எடுப்பது, கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது என்பதெல்லாம் என் பொறுப்பாக இருந்தன. இழந்த நம்பிக்கையை எனக்கு மீட்டுத் தந்தது உதவித்தொகையைவிட இந்தப் பொறுப்புதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது இத்தகைய நிதிநல்கைகள் அதே துறையின் வைஸ்-கிரண் என்ற குடைத் திட்டத்தின்கீழ் வருகின்றன. விண்ணப்பிக்கும் சகோதரிகள், திட்டக்காலம் முடிந்ததும் பதிவாளரிடம் தேதிகளுடன் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆட்களைத் தெரிவு செய்ய பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தரும் அட்டவணையில், கற்பித்தல் அனுபவத்தைப் போலவே முதுமுனைவர் ஆய்வு அனுபவத்துக்கும் ஆண்டுக்கு 2 வீதம், அதிகபட்சம் 10 மதிப்பெண் உண்டு.