சிட்டி கோல்ஃப் 1.4 வாங்கலாமா, டாஸ் 130 வாங்கலாமா?

ஃபீனிக்ஸ்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி வேலைக்குப் போய்வர பழைய கார் பார்க்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸிலிருந்து தினமும் பைன்டவுன், அவ்வப்போது ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) சித்தி வீடு. 2005 சிட்டி கோல்ஃப் 1.4 ஒன்றும் 2004 டொயோட்டா டாஸ் 130 ஒன்றும் கிடைக்கின்றன, விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். கோல்ஃப் 1390 சிசி, என்ஜின் பலம் 62 கிலோவாட். டாஸ் 1296 சிசி, 55 கிலோவாட். இந்த 7 கிலோவாட் ஓட்டும்போது தெரியுமா?

சாட்ஸ்வொர்த் கோல்ஃப் பிரியர்:
நன்றாகவே தெரியும் தம்பி. ஊருக்குள் ஓட்டினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஜோபர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறும்போது, அப்புறம் வான் ரீனன் கணவாயில், நாலு பேரும் பெட்டிகளும் இருந்தால் டாஸுக்கு மூச்சு வாங்கும், மூன்றாவது கியரில் லாரிக்குப் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். இன்னொன்று, டர்போ இல்லாத எந்த என்ஜினும் ஜோபர்க்கின் 1,700 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும், ஏற்கெனவே குறைவாக இருக்கிற வண்டியில் அது இன்னும் உறைக்கும். என் ஓட்டு கோல்ஃபுக்கு. ஆனால் கியர் எத்தனை என்று பாருங்கள், சிட்டி கோல்ஃபின் மலிவு ரகமான சிகோவில், சில பழைய வண்டிகளில் நாலுதான், நெடுஞ்சாலையில் என்ஜின் கத்திக்கொண்டே வரும்.

பைன்டவுன் மெக்கானிக்:
அண்ணன் சொல்வது ஏற்றத்துக்குச் சரி. ஆனால் இந்த வயசு வண்டியில் கிலோவாட்டைவிட துருதான் முக்கியம், அதுவும் நம் கடற்காற்றில். கோல்ஃபின் முன்கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடிகிற தட்டையும் பேட்டரி உட்காரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாய் உள்ளே துருப்பிடித்தால் அந்தத் தூள் டாங்கிக்குள் இறங்கி ஃபில்டரை அடைக்கும், வண்டி திக்கித் திக்கி ஓடும். கியர் கம்பியை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜில் உள்ள புஷ் தேய்ந்திருந்தால் கியர் எங்கே விழுகிறது என்றே தெரியாது, நல்லவேளை அது சின்னச் செலவு. டாஸில் பார்க்க வேண்டியது காலையில் முதல் ஸ்டார்ட். நீலப்புகை ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் போயிருக்கிறது, ஓடும்போதும் நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், அந்த வண்டியைத் தொட வேண்டாம். எதை வாங்கினாலும் எப்போது மாற்றியது என்று தெரியாத டைமிங் பெல்ட்டை (என்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டை) உடனே மாற்றிவிடுங்கள். இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் நான் டாஸ் என்பேன், இங்கே டர்பனில் ப்ராஸ்பெக்டன் ஆலையில் செய்த வண்டி, பார்ட்ஸுக்கு அலைய வேண்டாம்.

லெனேசியா அக்கா:
தம்பி, ஏற்றமும் துருவும் சரி, தங்கச்சிதானே ஓட்டப் போகிறாள்? இரண்டிலும் ஏர்பேக் இல்லை, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இல்லை, பின்னால் டிரம் பிரேக். மழையில் என்3-இல் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்குங்கள், ஜோபர்க் பயணத்துக்கு முடிந்தால் பஸ்ஸே போதும். கியர் லாக் கட்டாயம், இரண்டுமே திருடர்கள் தேடும் வண்டி. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்கிற ரோட்வொர்த்தி சான்றிதழ் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

ஃபீனிக்ஸ்வாசி:
ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி ஜோபர்க் பயணத்தை விட்டுவிட்டால் டாஸே போதும் என்று தங்கச்சியும் சொல்கிறாள். சனிக்கிழமை காலை போகிறோம், நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன்.