கோடைப் பியானோ விழாவுக்குக் கீபோர்டில் பெற்ற பயிற்சி போதுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
என் மகளுக்கு 13 வயது. வீட்டிலுள்ள 61 கட்டைக் கீபோர்டில் ஐந்து ஆண்டுகளாக மேற்கத்திய செவ்வியல் இசை பயில்கிறாள். மே மாதம் பெங்களூரில் இளையோருக்கான பியானோ விழா ஒன்றில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் படைப்பொன்றை வாசிக்கவிருக்கிறாள். உண்மையான பியானோவை அவள் தொட்டதே இல்லை என்பதுதான் என் கவலை.

பதில் (ஓசூர்):
ஐயா, கட்டைகளின் எண்ணிக்கை ஒரு குறையன்று. பியானோவில் 88 இருந்தாலும், பாக் காலத்துக் கருவிகள் பெரும்பாலும் ஐந்து ஆக்டேவை, அதாவது உங்கள் கீபோர்டின் 61 கட்டை அளவைத் தாண்டியதில்லை. சிக்கல் கட்டையின் கனத்தில்தான் இருக்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்திய சுத்தியல் எழும்பிக் கம்பியை அடித்து உடனே விலகுகிறது. அதன் வேகமே ஒலியின் அளவைத் தீர்மானிப்பதால், கீபோர்டின் லேசான ஸ்பிரிங் கட்டையில் பழகிய விரல் பல சுரங்களை விழுங்கிவிடும். என் மகன் முதன்முறை மேடையேறியபோது இடக்கைச் சுண்டுவிரல் அழுத்திய சுரங்கள் முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்கவில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான்; வாரம் ஒரு மணி நேரமாவது அங்குள்ள இசைப்பள்ளியில் பியானோவை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

பதில் (தருமபுரி):
வலப்பக்கப் பெடலையும் கவனியுங்கள். அதை மிதித்தால் கம்பிகளின் அதிர்வை அடக்கும் பட்டைகள் ஒட்டுமொத்தமாக மேலெழுவதால், பாக்கில் தனித்தனியே ஓட வேண்டிய இரு குரல்களும் (இரு கைகளின் மெட்டுகளும்) கலங்கிவிடும். குழந்தை அதை மிதிக்காமலே வாசிக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாங்காய் அறுவடை நேரம் என்றாலும் சனிக்கிழமைதோறும் அழைத்துச் செல்கிறேன்.