கலைச்சொல் உதவி: மாச்சு பிச்சுவின் சரிவுப் படிகள்

அன்புள்ள குழுவினருக்கு,

மாணவர் நூல் ஒன்றில், பெரு நாட்டு மலையில் இன்கா மக்கள் கட்டிய பழைய ஊரான மாச்சு பிச்சு பற்றிய பாடத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலைச்சரிவில் கல்சுவர் எழுப்பி, மண் நிரப்பிப் படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். ஸ்பானியத்தில் ‘அந்தேனெஸ்’. ‘படிக்கட்டு வயல்’ போதுமா?

* * *

அம்மா, வயல் மருதத்துக்கு உரியது. குறிஞ்சிக்குப் ‘புனம்’ இருக்கிறதே! ‘படிப்புனம்’ என்று எழுதுங்கள். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் இதற்குப் ‘பாட்டா’ என்று பெயர். நம் ‘படி’யோடு அதற்குள்ள உறவை யாராவது ஆராய வேண்டும்.

* * *

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். ஒரு சொல்லின் ஒலி ஒத்துப்போவது உறவாகாது. புனம் என்பது காட்டைத் திருத்திய கொல்லை. இன்காக்கள் செய்தது கட்டுமானம். 2,430 மீட்டர் உயரத்தில், அத்தனை மழையில், 15ஆம் நூற்றாண்டு ஊர் சரியாமல் நிற்பதே இந்தப் படிகளால்தான். மேலே வளமண், அதன்கீழ் மணலும் சரளையும், அடியில் பெருங்கற்கள். பெய்த நீர் தேங்காமல் வடிந்துவிடும். சுவரும் மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். மக்காச்சோளம் விளைந்தது உண்மைதான். ஆனால் மலையைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே கட்டிய குறுகிய படிகளும் உண்டு. வயல், புனம் இரண்டுமே அந்த வேலையை மறைத்துவிடுகின்றன. ‘தாங்குபடி’ என்கிறேன்.

* * *

வினைத்தொகை நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் அதைத் ‘தாங்கும்படி’ என்றே படிப்பார்கள். ‘படித்திட்டு’ என்று எழுதிப் பார்த்தேன். அது ‘படித்துவிட்டு’ போல ஒலிக்கிறது. ‘மலைப்படி’ யாருக்கும் புரியும்.

* * *

புரியும், தவறாகப் புரியும்! மாச்சு பிச்சுவில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிக்கட்டுகள் இருக்கின்றன. ‘மலைப்படி’ என்றால் பிள்ளை அவற்றைத்தான் நினைக்கும்.

* * *

புனத்தை விட்டுக்கொடுக்கிறேன். வயலை மட்டும் மலையில் ஏற்றாதீர்கள்.

* * *

அனைவருக்கும் நன்றி. தனியே எழுதியவர்களையும் சேர்த்து நால்வர் ‘மலைப்படி’ என்கிறார்கள், அதையே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் ‘மண்ணைத் தாங்கும் கல்சுவர்ப் படி’ என்று விளக்கமும் சேர்த்திருக்கிறேன்.

* * *

விளக்கத்தில் ‘தாங்கும்’ வந்ததில் மகிழ்ச்சி அம்மா. அது சொல்லிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. மறுபதிப்பு வரும்போது இந்த இழையைத் திரும்பவும் எடுப்பேன்.